சொந்தக் காசில் தரைதட்டுவது எப்படி? செல்வந்தர்களின் பாய்மரப் படகுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் இடையில் கிடக்கும் சோலண்ட் என்னும் குறுகிய கடற்பரப்பில், கோடை வந்துவிட்டால் தண்ணீரைவிடப் பாய்களே அதிகமாகக் கண்ணில் படும். ஊரிலிருந்து எங்களைப் பார்க்க வரும் உறவினர்களைத் தீவின் கௌஸ் நகரத்துக்கு அழைத்துச் செல்வது எங்கள் வழக்கம். கையில் ஐஸ்கிரீமோடு கரையோர நடைபாதையில் நின்று, விலையுயர்ந்த படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொள்வதைப் பார்த்தபடி அவர்கள் கேட்ட கேள்விகளையும், பிறருடைய படகுகளில் கயிறு இழுக்கும் எடுபிடியாகப் பல கோடைகள் போய்வந்தவன் என்ற முறையில் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. யாட் என்றால் கோடீசுவரர்களின் மிதக்கும் மாளிகைதானே?

அதுவும் யாட்தான். ஆனால் ஹெலிகாப்டர் தளமும் நீச்சல் குளமும் கொண்ட அந்தக் கப்பல்களின் உரிமையாளர்கள் சுக்கானைத் தொடுவதே இல்லை. சம்பளத்துக்கு இருக்கும் கேப்டன் தொடுகிறார், அவருக்கு வேலை தெரியும், ஆகவே சிரிப்பதற்கு அங்கே அதிகம் இல்லை. இந்தப் பக்கத்தில் பேசப்படுவது பெரும்பாலும் முப்பது அடி முதல் ஐம்பது அடி வரை நீளமுள்ள பாய்மரப் படகுகள். மருத்துவர், வழக்கறிஞர், நிறுவனத்தை விற்றுவிட்டு நாற்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவர் ஆகியோர் இத்தகைய படகை வாங்கி, விசைப்பலகைக்குப் பழகிய கையால் ஓட்டுகிறார்கள்.

2. அந்தக் காலத்துப் பணக்காரர்களும் தாமே ஓட்டினார்களா?

இல்லை, இந்த வேடிக்கைகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1815இல் தொடங்கப்பட்டுப் பின்னர் ராயல் யாட் ஸ்குவாட்ரன் என்று பெயர் பெற்ற சங்கம் 1826இல் கௌஸில் பந்தயம் நடத்தத் தொடங்கிய காலத்தில், பெரிய படகின் உரிமையாளர் என்பவர் பெரும்பாலும் கௌரவப் பயணியாகவே இருந்தார். எசெக்ஸ் கரையில் உள்ள டோல்ஸ்பரி, விவன்ஹோ, பிரைட்லிங்சீ போன்ற ஊர்களின் மீனவர்கள் குளிர்காலத்தில் மீனும் சிப்பியும் எடுத்துவிட்டு, கோடையில் கனவான்களின் படகுகளில் கூலிக்குப் பாய் இழுத்தார்கள். வென்றால் வெற்றி உரிமையாளருடையது, மோதினால் குற்றம் மாலுமியுடையது என்பது எழுதப்படாத ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்தின் கொடூரமான முகமும் ஒன்று உண்டு. 1866 டிசம்பரில் அமெரிக்கச் செல்வந்தர்கள் மூவர், மதுவும் பேச்சுமாகப் போன ஒரு மாலையில் தொடங்கிய வீம்பு முற்றி, ஆளுக்கு 30,000 டாலர் பணயம் வைத்து மூன்று படகுகளை நடுக்குளிரில் நியூயார்க்கிலிருந்து இங்கிலாந்துக்குப் பந்தயம் விட்டார்கள். மூவரில் ஜேம்ஸ் கார்டன் பென்னட் ஒருவர் மட்டுமே தம் படகில் ஏறினார், வென்றவரும் அவரே. கரையிலேயே இருந்துகொண்ட ஓர் உரிமையாளரின் ஃபிளீட்விங் படகிலிருந்து ஆறு மாலுமிகளை அலை அடித்துச் சென்றது. அதை நான் நகைச்சுவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கூலியாட்களை வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாமல் போனது, கண்ணாடி இழையால் அச்சில் வார்க்கும் மலிவான படகுகளும் வந்தன. அதன் பிறகுதான் உரிமையாளர் சுக்கானுக்கும் தம் தவறுகளுக்கும் ஒருசேரப் பொறுப்பேற்றார். என் பார்வையில் இது முன்னேற்றம்தான், ஏனென்றால் இப்போது நனைபவரும் அவரே.

3. கூலி மாலுமிகள் நடுவழியில் கைவிட்டால் என்ன ஆகும்?

1934இல் அது நடந்தது. விமானத் தொழிலதிபர் டி. ஓ. எம். சாப்வித், எண்டெவர் என்னும் படகோடு, பாய்மரப் பந்தயங்களில் புகழ்பெற்ற அமெரிக்கக் கோப்பைக்கு அமெரிக்காவில் போட்டியிடக் கிளம்பும் தறுவாயில், அவருடைய மாலுமிகள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். சாப்வித் உயர்த்தித் தர மறுத்து, கேட்டவர்களை இறக்கிவிட்டு, படகுச் சங்கத்திலிருந்து ஆர்வலர்களைத் திரட்டி ஏற்றிக்கொண்டார். ஆண்டு முழுவதும் கயிறு பிடித்துக் காய்த்த கைகளுக்குப் பதிலாகப் பேனா பிடித்த கைகள் வந்தன. இருந்தும் படகு அவ்வளவு வேகமானது என்பதால், முதல் இரண்டு பந்தயங்களையும் எண்டெவரே வென்றது.

மூன்றாவது பந்தயத்திலும் அது நன்றாக முன்னே போய்க்கொண்டிருந்தது. எதிர்ப்படகான ரெயின்போவின் தலைவர் ஹரால்ட் வாண்டர்பில்ட் மனம் வெறுத்துப்போய், சுக்கானை ஷெர்மன் ஹோய்ட் என்பவரிடம் கொடுத்துவிட்டுப் படகின் உள்ளே இறங்கிவிட்டார். எதிரி எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் குறுக்கே வந்து மறிப்பதே சாப்வித்தின் பழக்கம் என்று ஹோய்ட்டுக்குத் தெரியும். எனவே அவர் வேண்டுமென்றே இலக்குக்கு மேலாகப் படகைத் திருப்பினார். நேராகப் போயிருந்தாலே வென்றிருக்கக்கூடிய சாப்வித், மறிப்பதற்காகத் திரும்பிக் காற்றில்லாத இடத்தில் சிக்கி நின்றார். ரெயின்போ அவரைக் கடந்து போனது. அதன் பிறகு எண்டெவர் ஒரு பந்தயமும் வெல்லவில்லை, கோப்பை 4-2 என்ற கணக்கில் அமெரிக்காவிலேயே தங்கியது. தோற்கடித்தவர் உள்ளே போய் உட்கார்ந்திருந்த நேரத்தில் தோற்பது என்பது எல்லாருக்கும் வாய்க்கும் பேறு அன்று.

4. லிப்டன் தேயிலைக்காரரும் படகு விட்டாராமே?

இலங்கை மலையகத்துக்குச் சென்றவர்கள் அப்புத்தளைக்கு அருகில் லிப்டன் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் உச்சியைக் கண்டிருப்பார்கள். கிளாஸ்கோவில் மளிகைக்கடை வைத்து வளர்ந்து, 1890இல் இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை வாங்கி, தமிழ்த் தொழிலாளர்கள் பறித்த கொழுந்தை உலகெங்கும் விற்ற அதே தாமஸ் லிப்டன்தான் அவர். தோட்டத்தில் வந்த பணத்தின் ஒரு பகுதி ஷாம்ராக் என்று பெயரிட்ட ஐந்து பந்தயப் படகுகளாக மாறியது. 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஐந்து முறை அவர் அமெரிக்கக் கோப்பைக்குச் சவால் விட்டார், ஐந்து முறையும் தோற்றார்.

அவரைச் சுக்கான் பிடித்த ஆர்வலர் என்று சொல்ல முடியாது. பந்தயங்களைத் தம்முடைய எரின் என்னும் நீராவிக் கப்பலில் விருந்தினர்களோடு அமர்ந்து பார்த்தார். ஆனாலும் விபத்துகள் அவரைத் தேடி வந்தன. 1901 மே மாதம் மன்னர் ஏழாம் எட்வர்டை இரண்டாம் ஷாம்ராக்கில் ஏற்றி சோலண்டில் வெள்ளோட்டம் காட்டிக்கொண்டிருந்தபோது, பாய்மரம் பாய்களோடும் கயிறுகளோடும் முறிந்து சரிந்தது. நாட்டின் அரசர் நின்றிருந்த தளத்தின்மேல் அத்தனை பளு வந்து விழுந்தும் ஒருவருக்கும் காயமில்லை என்பது லிப்டனின் வாழ்நாள் அதிர்ஷ்டங்களில் தலையாயது. 1903இல் மூன்றாம் ஷாம்ராக், பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் பனிமூட்டத்தில் வழி தப்பி, முடிவுக்கோட்டையே கண்டுபிடிக்க முடியாமல் போனது. தோற்பதற்குக்கூட முடிவுக்கோடு வரை போகவேண்டும் அல்லவா!

மன்னர் தம் மளிகைக்காரரோடு படகு விடப் போயிருக்கிறார் என்று அவருடைய சகோதரி மகனான ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் கேலி செய்ததாகச் சொல்வார்கள். ராயல் யாட் ஸ்குவாட்ரனும் அந்த மளிகைக்காரரை உறுப்பினராக்க 1931 வரை, அதாவது அவர் இறந்த ஆண்டு வரை, காத்திருந்தது. அமெரிக்கப் பொதுமக்களோ 1930 தோல்விக்குப் பிறகு ஆளுக்குச் சிறு தொகை போட்டு அவருக்குத் தங்கத்தில் ஒரு கோப்பை செய்து கொடுத்தார்கள். ஐந்து தோல்வியாலும் அவருடைய தேயிலை விற்பனை குறையவில்லை. இந்தப் பக்கத்தில் வருபவர்களில் கணக்குப் பார்த்துத் தோற்றவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

5. படகு ஓட்ட உரிமம் வேண்டாமா?

இங்கிலாந்தில் சொந்தப் பொழுதுபோக்குக்காக ஓட்டும் சிறிய படகுக்கு உரிமம் தேவையில்லை. மிதிவண்டி வாங்குவதுபோல, காலையில் பணத்தைக் கட்டி மாலையில் நாற்பது அடிப் படகைக் கடலுக்குள் கொண்டுபோக எந்தச் சட்டமும் தடையாக இல்லை. கிரேக்க நாட்டில் வாடகைப் படகு எடுக்கத் தலைவருக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும், அனுபவமுள்ள இரண்டாம் நபர் ஒருவரும் உடன் இருக்கவேண்டும். அந்த இரண்டாம் நபரின் அனுபவம் பெரும்பாலும் அவரே கையெழுத்திட்ட ஒரு தாளில்தான் இருக்கிறது.

உரிமம் இல்லாததன் உச்சத்தைக் காட்டியவர் செல்வந்தரும் அல்லர், அவருடையது பாய்மரப் படகும் அன்று. ஆனாலும் அவரை விட்டுவிட மனம் வரவில்லை. 2010இல் கெண்ட் மாவட்டத்தின் கில்லிங்காமிலிருந்து சவுத்தாம்ப்டனுக்குப் புறப்பட்ட அவர், கடல் வரைபடத்துக்குப் பதிலாகச் சாலை வரைபடத்தை வைத்துக்கொண்டு, கரையை எப்போதும் வலப்பக்கத்தில் வைத்தால் போதும் என்று முடிவு செய்தார். கொள்கை சரியானதே. ஆனால் அவர் வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டது ஷெப்பி என்னும் தீவு. எரிபொருள் தீரும்வரை அவர் அந்தத் தீவையே வலம் வந்துகொண்டிருந்தார். கோயில் பிராகாரமாக இருந்திருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும்.

6. நடுக்கடலில் நன்றாகப் போகும் படகு கரைக்கு வந்ததும் ஏன் தடுமாறுகிறது?

பணம் பத்தும் செய்யும் என்பார்கள். படகைக் கரையில் ஒழுங்காகக் கட்டுவது அந்தப் பத்தில் சேராது. நான் கண்ட விபத்துகளில் பெரும்பாலானவை கரையிலிருந்து இருபது மீட்டருக்குள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நூறு பேரின் கண்ணெதிரில் நடந்தவை.

படகுக்குத் தடைக்கருவி கிடையாது. பத்து டன் எடை மெதுவாகத்தான் நகர்கிறது, ஆனால் நிறுத்தச் சொன்னால் கேட்பதில்லை. காரைப்போல் முன்பக்கம் திரும்புவதில்லை, பின்பக்கம்தான் எதிர்த்திசையில் வீசுகிறது. பின்னோக்கிச் செலுத்தினால் நீருக்கடியில் சுழலும் எந்திர விசிறி படகைப் பின்னே இழுப்பதோடு நில்லாமல் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. வேகம் குறையக் குறையச் சுக்கானுக்குப் பிடிப்பு போய்விடுகிறது, அதே நேரத்தில் காற்று படகின் முன்முனையான அணியத்தைப் பிடித்துத் தள்ளத் தொடங்குகிறது. மெதுவாகப் போனால் பத்திரம் என்று சாலையில் கற்றவர், மெதுவாகப் போனதாலேயே கட்டுப்பாட்டை இழந்து, பயந்துபோய் விசையை முழுவதும் கூட்டி, பக்கத்துப் படகின் பளபளப்பான வயிற்றில் தம் நங்கூரத்தைக் கொண்டுபோய்ச் சொருகுகிறார்.

கிரேக்கத் தீவுகளில் இது இன்னும் சுவையாக நடக்கும். அங்கே படகை நீளவாக்கில் கரையோரம் நிறுத்த இடம் இராது. அணியத்திலிருந்து நங்கூரத்தை இறக்கிக்கொண்டே பின்னோக்கி வந்து, பின்பகுதியைத் துறைமேடையில் கட்டவேண்டும். குறுக்குக் காற்று அடிக்கும் மாலையில் இருபது படகுகள் இப்படி வந்து கட்டினால், தண்ணீருக்கு அடியில் இருபது சங்கிலிகளும் இடியாப்பம்போல் பின்னிக்கிடக்கும். அடுத்த நாள் காலையில் முதலில் கிளம்புபவர் தம் நங்கூரத்தோடு மற்ற மூவரின் நங்கூரங்களையும் சேர்த்துத் தூக்குகிறார், அந்த மூவரும் காபிக் கோப்பையோடு நின்றபடி தங்கள் படகுகள் கரையை நோக்கி நகர்வதை உணர்கிறார்கள்.

புறப்படும்போது நடப்பவையும் உண்டு. கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் கம்பியைக் கழற்ற மறந்துவிட்டு, துறையின் மின்பெட்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கிளம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். படகு மெல்ல விலகும்போது கரையில் ஒரு காலும் படகில் ஒரு காலுமாக நிற்பவர்களும் உண்டு. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பதை நாம் உவமையாகச் சொல்கிறோம், அவர்கள் செய்து காட்டுகிறார்கள். கடைசியில் இரண்டு காலும் ஆற்றில்தான் சேர்கின்றன.

7. படகில் கணவர்கள் ஏன் மனைவியரைப் பார்த்துக் கத்துகிறார்கள்?

சுக்கான் பின்பகுதியில் இருக்கிறது, நங்கூரம் அணியத்தில் இருக்கிறது. இடையில் பதினான்கு மீட்டர் தொலைவும் காற்றின் இரைச்சலும் எந்திரத்தின் ஓசையும். சாதாரணமாகச் சொன்னால் கேட்காது என்பது உண்மைதான். ஆனால் கத்துவதன் காரணம் அது மட்டும் அன்று. சுக்கான் பிடிப்பது தலைவரின் வேலை, தலைவர் என்றால் கணவர் என்று முன்னரே முடிவாகிவிடுகிறது. விளைவாக, இரண்டு விரலால் திருப்பக்கூடிய சக்கரத்தின் பின்னால் தொண்ணூறு கிலோ மனிதர் நிற்கிறார், பத்து டன் படகை இழுத்துப் பிடிக்கவேண்டிய கயிற்றோடு அவருடைய மனைவி கரைக்குத் தாவுகிறார். இடம் மாறி நின்றால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கருத்து. இதை ஒரு படகில் சொன்னேன். அடுத்த வாரம் என்னை அழைக்கவில்லை.

தலையில் மாட்டிக்கொண்டு மெதுவாகப் பேசும் கம்பியில்லாக் கருவிகள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. படகுக்காரர்கள் அவற்றுக்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் ‘திருமணக் காப்பான்’.

8. நங்கூரம் போட்டுவிட்டால் கவலையின்றி உறங்கலாம் அல்லவா?

நங்கூரத்தின் எடை படகை நிறுத்துவதில்லை. கடலடியில் படுத்துக்கிடக்கும் சங்கிலிதான் அதைக் கிடைமட்டமாக இழுத்து மண்ணில் புதைய வைக்கிறது. ஆகவே ஆழத்தைப்போல் குறைந்தது நான்கு மடங்கு சங்கிலியை விடவேண்டும். புதியவர் ஐந்து மீட்டர் ஆழத்தில் ஆறு மீட்டர் விட்டுவிட்டு இரவு உணவுக்குக் கரைக்குப் போகிறார், திரும்பி வரும்போது படகு வேறொருவரின் படகோடு தோளுரசிக்கொண்டிருக்கிறது. சங்கிலியின் மறுமுனையைப் படகுக்குள் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்காமல், அத்தனை சங்கிலியும் கடகடவென்று ஓடி முடிந்து, கடைசிக் கண்ணி ‘டிங்’ என்ற ஓசையோடு கடலுக்குள் குதிப்பதைக் கண்கொட்டாமல் பார்த்து நின்றவர்களும் இருக்கிறார்கள்.

தேர்ந்த மாலுமிகளுக்கும் இது நேரும். 75 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 88 மீட்டர் உயரப் பாய்மரமும் கொண்டு, ஒற்றைப் பாய்மரப் படகுகளில் உலகிலேயே பெரியதாகக் கட்டப்பட்ட ஐந்தாம் மிராபெல்லா, கடலில் இறங்கிய சில மாதங்களிலேயே, 2004 செப்டம்பரில், பிரான்சின் தென்கரையில் போலியூவுக்கு அருகே நங்கூரம் இழுபட்டுப் பாறைக்கரையில் ஒதுங்கியது. சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு அடியில்கூட நுழைய முடியாத உயரம் என்பதால், கரையில் எவருக்கும் தெரியாமல் தரைதட்டும் வாய்ப்பு அதற்கு இருக்கவில்லை.

9. தரைதட்டினால் என்ன செய்வார்கள்?

ஓதத்தைப் பொறுத்தது. சோலண்டில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல்மட்டம் நான்கு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். நீர் ஏறும்போது தட்டினால் அரைமணி நேரத்தில் படகு தானே மிதக்கும், ஒன்றும் நடக்காததுபோல் நகர்ந்துவிடலாம். நீர் வற்றும்போது தட்டினால் படகு மெல்லச் சாய்ந்து, தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து, அடுத்த ஏற்றம் வரும்வரை பக்கவாட்டில் படுத்துக்கிடக்கும். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பது நம் வீடுகளில் சொல்லும் சொல். தரைதட்டிய படகில் எல்லாருமே கன்னத்தில் கை வைத்துத்தான் உட்கார்ந்திருப்பார்கள், ஏனென்றால் அந்தச் சாய்வில் தலை தானாக நிற்பதில்லை. மிக உயர்ந்த ஏற்றத்தின் உச்சத்தில் ஏறி மாட்டியவரின் கதி இன்னும் பரிதாபமானது. அதே உயரத்துக்கு நீர் வர இரண்டு வாரமாவது காத்திருக்கவேண்டும்.

இதற்கென்றே சோலண்டின் நடுவில் பிராம்பிள் என்னும் மணல்திட்டு இருக்கிறது. வரைபடத்தில் இருக்கிறது, மிதவைகளால் குறிக்கப்பட்டிருக்கிறது, இருந்தும் ஆண்டுதோறும் படகுகள் அதில் ஏறுகின்றன. நீர் மிகவும் வற்றும் நாளில் அது ஒரு மணி நேரம்போல் வெளியே தலைகாட்டும். ஆண்டுக்கு ஒருமுறை அந்த நேரத்தில் ராயல் சதர்ன் யாட் சங்கத்தாரும் ஐலண்ட் செய்லிங் சங்கத்தாரும் வெள்ளை உடையோடு அங்கே இறங்கிக் குட்டைத் தண்ணீரில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். யார் வெல்வது என்பது முறைவைத்து முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடும், ஓதம் ஆட்டத்தை முடித்துவைக்கும்.

அமெச்சூர்கள் ஒரு பெயரைச் சொல்லி ஆறுதல் அடைகிறார்கள். 2008 நவம்பர் 11 அன்று, ஓய்வு பெறும் முன் கடைசி முறையாகச் சவுத்தாம்ப்டனுக்கு வந்த இரண்டாம் குயீன் எலிசபெத் என்னும் புகழ்பெற்ற பயணிகள் கப்பல், ஊரே வரவேற்கக் காத்திருந்த காலையில், அதே பிராம்பிள் திட்டில் தட்டி நின்றது. இழுவைப் படகுகள் அதை விடுவித்தன. அன்று முதல் சோலண்டில் தரைதட்டிய எவரும் அந்தப் பெயரைச் சொல்லாமல் தம் கதையை முடிப்பதில்லை.

10. பாய்மரப் படகுக்கு எந்திரக் கப்பல் வழிவிட வேண்டும் என்பது சட்டமா?

திறந்த கடலில் பொதுவாக அப்படித்தான். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருபவர்களே இங்கே ஆபத்து. குறுகிய கால்வாயில் மட்டுமே செல்லக்கூடிய பெரிய கப்பலுக்குப் பாய்மரப் படகு இடைஞ்சல் செய்யக்கூடாது என்று அதே சட்டத்தின் ஒன்பதாம் விதி சொல்கிறது. சவுத்தாம்ப்டனுக்கு வரும் நூற்றைம்பது மீட்டருக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு முன்னால் 1,000 மீட்டரும் இருபுறமும் நூறு மீட்டரும் கப்பலோடு சேர்ந்து நகரும் தடைப்பகுதி. 2011இல் கௌஸ் வாரம் என்னும் படகுப் பந்தய விழாவில் போட்டியிட்ட ஒரு படகு இந்தக் கணக்கில் தவறி, எதிரே வந்த எண்ணெய்க் கப்பலின் நங்கூரத்தில் தன் பலூன் பாய் சிக்கி, பாய்மரம் முறிந்தது; படகில் இருந்தவர் காயமடைந்தார், தலைவர் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானது. இங்கே சிரிப்பு முடிந்துவிடுகிறது.

11. படகின் கழிப்பறையைப் பற்றி ஏன் எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள்?

அது கைப்பம்பால் இயங்குவது, அதன் குழாய் இரண்டு விரல் அகலம்தான். நீங்கள் முதலில் உண்ணாத எதையும் அதில் போடக்கூடாது என்பது எல்லாப் படகிலும் ஏறியவுடன் சொல்லப்படும் விதி. எல்லாப் படகிலும் இரண்டாம் நாளே மீறப்படும் விதியும் அதுவே. அடைத்துக்கொண்டால் பிரித்துச் சுத்தம் செய்ய ஆள் வராது. கோடிக்கணக்கில் வணிகம் செய்பவர் முழங்காலிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தம் விருந்தினர்களில் யாராக இருக்கும் என்று மனத்துக்குள் விசாரணை நடத்திக்கொண்டே அதைப் பிரிக்கிறார்.

அதைவிட அமைதியான ஆபத்து இன்னொன்று. கழிப்பறை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். பயன்படுத்தியபின் கடல்நீர்க் குழாயின் அடைப்பானை மூடாமல் விட்டால், பாய் விரித்துப் படகு சாய்ந்து ஓடும்போது கடல் அந்த வழியாக நிதானமாக உள்ளே வரும். படகு ஓட்டையாகிவிட்டது என்று பதறி அவசர அழைப்பு விடுத்தபின், ஒரு பிடியைத் திருப்பியதும் எல்லாம் நின்றுபோன கதைகள் ஒவ்வொரு துறையிலும் கிடைக்கும்.

12. வானொலியில் சண்டை கேட்டதாகச் சொல்கிறார்களே?

உண்மைதான். எல்லாப் படகுகளும் அவசர அழைப்புக்கான பதினாறாம் அலைவரிசையைத் திறந்து வைத்திருக்கும். பேசும் பொத்தான்மேல் மெத்தையோ முழங்கையோ பட்டு அழுந்திவிட்டால், அந்தப் படகின் உள்ளே நடப்பதெல்லாம் சுற்றுவட்டாரத்துக்கு ஒலிபரப்பாகும். பொத்தான் அழுந்தியிருக்கும்வரை அவர்களுக்கு வேறு எதுவும் கேட்காது என்பதால், கடலோரக் காவல்படை எத்தனை முறை எச்சரித்தாலும் பயனில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், படகை வாங்கியதே தவறு என்பதற்கு ஓர் அம்மையார் அடுக்கிய காரணங்களை நாங்கள் இருபது நிமிடம் கேட்டோம். எங்கள் படகில் அவர் பக்கமே பெரும்பான்மை.

13. கவிழாத கட்டுமரம் வாங்கினால் போதாதா?

உலகம் முழுவதும் கேட்டமரான் என்று வழங்கும் சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். ஆனால் இன்றைய இரட்டை உடல் படகு, கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய நம் மீனவர்களின் கட்டுமரம் அன்று; அதன் அமைப்பு பசிபிக் தீவினரின் இரட்டைத் தோணிகளுக்கே நெருக்கம். 1876இல் நியூயார்க் பந்தயத்தில் நத்தானியல் ஹெர்ரஷாஃப் இத்தகைய அமரில்லிஸ் என்னும் படகைக் கொண்டுவந்து எல்லாரையும் தோற்கடித்தபோது, கனவான்கள் உடனே அதை அந்த வகைப் பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

இப்போது வாடகைக்கு எடுக்கும் வசதியானவர்கள் இதையே விரும்புகிறார்கள், ஏனென்றால் இது சாய்வதில்லை, மதுக்கோப்பை மேசையிலேயே நிற்கும். சாயாததே இதன் சிக்கலும். ஒற்றை உடல் படகு காற்று மிகுந்தால் சாய்ந்து எச்சரிக்கும். இது பேசாமல் தாங்கிக்கொண்டே போகும். அகலமோ ஏழு மீட்டர். கரையில் இரண்டு படகுகளுக்கு இடையிலுள்ள ஐந்து மீட்டர் இடத்தை நோக்கி நம்பிக்கையோடு பின்னோக்கி வரும் கேட்டமரானைக் கண்டால், இருபுறத்துப் படகுக்காரர்களும் கையில் கிடைத்த ரப்பர் மிதவைகளோடு ஓடி வருவார்கள்.

14. இவர்களைக் காப்பாற்றும் செலவு யாருடையது?

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உயிர்காப்புப் படகுகளை நடத்துவது அரசு அன்று. 1824இல் தொடங்கி நன்கொடையில் இயங்கும் ஆர்.என்.எல்.ஐ. என்னும் அறக்கட்டளை. அதன் மாலுமிகளில் பெரும்பாலோர் ஊதியமில்லாத் தொண்டர்கள். உயிரைக் காப்பதற்கு அவர்கள் கட்டணம் கேட்பதில்லை. காலையில் ரொட்டி சுடுபவரும் பள்ளி ஆசிரியரும் வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்து, சாய்ந்த படகிலிருந்து ஒரு பெருநிறுவனத் தலைவரை ஈரக் காலுறையோடு இறக்குகிறார்கள். ‘இன்று ஓதம் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது’ என்று அவர் சொல்வதையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். கரையில் வைத்திருக்கும் அவர்களுடைய உண்டியலைக் கண்டால் நான் கடந்து போவதில்லை.

15. இப்படிப்பட்ட நண்பர் ஒருவர் படகுக்கு அழைத்திருக்கிறார். என்ன கொண்டுபோவது?

மடித்து வைக்கக்கூடிய துணிப்பை கொண்டுபோங்கள். சக்கரப் பெட்டியை வைக்கப் படகில் இடமே இருக்காது. அடிப்பாகம் வெளுத்த காலணி அணியுங்கள், கறுத்த ரப்பர் தளத்தில் கோடு போடும். குமட்டலுக்கு இஞ்சி மரப்பா எடுத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சனுக்கே கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகு எதையாவது இடிக்கப் போனால் காலை நீட்டித் தடுக்காதீர்கள். படகுக்குக் காப்பீடு இருக்கிறது. பாயின் அடியில் கிடைமட்டமாக நிற்கும் பூம் என்னும் கட்டையின் பாதையில் தலையை வைக்காதீர்கள். பின்காற்றில் அது முன்னறிவிப்பின்றி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாயும்.

கரையை நெருங்கும்போது உங்கள் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து வீசச் சொல்வார்கள். வீசும் முன் மறுமுனை எங்கே கட்டியிருக்கிறது என்று பாருங்கள். நான் முதல் கோடையில் அழகாகச் சுருட்டி, குறி தவறாமல் வீசிய கயிறு, கரையில் நின்ற பெரியவரின் கையில் முழுவதுமாகப் போய்ச் சேர்ந்தது. அவர் அதைத் தூணில் கச்சிதமாகக் கட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நாங்கள் காற்றோடு எதிர்க்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம்.